நாலாவது அடி

கதிர்காமநாதன் புத்தகம் எழுதுவதற்கு முன்பே அதன் முதல் பக்கத்தை எழுதி முடித்துவிட்டான். ஒரு தடவை அல்ல, பதினான்கு தடவை. ஜவுளிப் பொதிகளைச் சுற்றி வரும் பழுப்புத் தாளைச் சதுரமாகக் கிழித்து, ஓரம் முழுக்கக் கொடியும் பூவும் வரைந்து, நடுவில் நூலின் பெயரை எழுதுவான். நூலின் பெயர் பதினான்கு தடவையும் மாறியது. மாறாமல் இருந்தது அதற்குக் கீழே இருந்ததுதான்: ‘பதுளை கதிர்காமநாதன் இயற்றியது.’

அவனுக்கு அப்போது இருபத்துநாலு வயது. தகப்பனார் தம்பையாவுக்குப் பதுளைக் கடைவீதியில் ஜவுளிக் கடை. சேலை, வேட்டி, தோட்டத்து ஆட்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளி எல்லாம் அங்கே உண்டு. கடையின் முகப்பிலேயே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஸலீம் உட்கார்ந்திருப்பார். அவர் கால் மெஷினை மிதிக்கும்; வாய் கதிர்காமநாதனை மிதிக்கும்.

பாட்டு ஆசை அவனுக்குப் பன்னிரண்டு வயதில் பிடித்தது. கோயில் திருவிழாவுக்கு எங்கிருந்தோ ஒரு புலவர் வந்தார். ஒரு மணி நேரம் பாடினார். என்ன பாடினார் என்பது அவனுக்கு ஞாபகமில்லை. பாடி முடித்ததும் அவருக்கு மாலை போட்டு, பட்டுக்குடை பிடித்து, வில்வண்டியில் ஏற்றிக் கடைவீதி முழுக்க ஊர்வலம் கொண்டுபோனது மட்டும் மறக்கவில்லை. அவன் ஆசைப்பட்டது பாட்டுக்கா, குடைக்கா என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது. அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தான். பொதிகைத் தென்றல் வந்தது, காவிரிக் கயல் வந்தது, தடாகத்தில் தாமரை மலர்ந்தது. பதுளையில் பிறந்து, பண்டாரவளைக்கு அப்பால் போகாதவன் அவன். தாமரையைச் சுவாமி படத்தில்தான் பார்த்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் ஊருக்கு இறங்குவார்கள். அவர்களுக்குத் துணி அளந்து போடும்போதே புதிதாக எழுதியதை எடுத்துவிடுவான். அளவுகோல் ஒரு கையில், தாள் ஒரு கையில். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கருப்பம்மா, பாட்டு முடிகிறவரைக்கும் பொறுமையாக நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நல்லாத்தான் இருக்கு சின்ன மொதலாளி. கோயில்ல ஐயரு சொல்ற மாதிரியே இருக்கு. ஒண்ணுந்தான் வெளங்கல.”

கூட வந்தவள் சிரித்தாள். “எங்க மலையில இராக்கம்மான்னு ஒருத்தி இருக்கா. அவ பாடுனா கொழுந்துக் கூடை தன்னால நெறையும்.”

“கேட்டியா தம்பி?” என்றார் ஸலீம், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “அவ பாடினா கூடை நெறையுமாம். நீ பாடினா கடை காலியாகுது.”

அந்தப் பெயர் அவன் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். விழுந்ததோடு போகவில்லை, முள் மாதிரி தைத்துக்கொண்டு நின்றது. எழுத்து வாசனை இல்லாத ஒரு கொழுந்து பறிக்கிறவள். அவளுக்கு யாப்புத் தெரியுமா, எதுகை தெரியுமா? அவள் பெயரை ஊர் சொல்கிறது. என் பெயரைப் பழுப்புத் தாள் சொல்கிறது.

அடுத்த வாரம் அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அடுப்படியில் அவன் மனைவி புஷ்பம் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாய் எதையோ முணுமுணுத்தது. அரைக்கிற சத்தமும் பாட்டும் கைகோத்துக்கொண்டு போயின.

‘கணக்கப்புள்ள கொட பறக்குது
காத்தே கொஞ்சம் நில்லு – அது
பள்ளத்துல விழுமுன்னே
பாத்து வந்து சொல்லு...’

“என்ன பாட்டு அது?”

“இராக்கம்மா பாட்டுங்க. கருப்பம்மா சொல்லிக் குடுத்தா. கணக்கப்பிள்ளைக்கு எதிர்லயே பாடிட்டாளாம். அவருக்கே சிரிப்பு வந்திருச்சாம்!”

“ஏன், நான் எழுதினது ஒண்ணைப் பாடேன்.”

புஷ்பம் யோசித்துப் பார்த்தாள். நல்ல மனதோடுதான் யோசித்தாள். தென்றலையும் கயலையும் வைத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். குழவி பாதியில் நின்றது. “ஒங்க பாட்டுக்கு அம்மி நகர மாட்டேங்குதுங்க,” என்றாள்.

அன்று சம்பல் உறைப்பு அதிகம் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். எரிந்தது நாக்கு மட்டுமா என்று புஷ்பம் கேட்கவில்லை. ஐந்து மாதக் கர்ப்பிணி, அவளுக்குக் குனிந்து நிமிர்வதே பெரிய வேலையாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஸ்பிரிங்வெளிப் பெரிய கங்காணி கந்தப்பன் மகன் இராசையாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நானூறு ஆட்களைக் கட்டி மேய்க்கிறவர் கந்தப்பன். கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப் பூண் போட்ட பிரம்புமாகக் கடைக்கு வந்தார். கல்யாணத் துணியெல்லாம் எடுத்து முடித்தபிறகு, பிரம்பால் கதிர்காமநாதனைக் காட்டினார்.

“தம்பையாண்ணே, ஒங்க மகன் பாட்டுக் கட்டுவாராமே?”

தம்பையா வெட்கப்பட்டார். மகனுக்கு ஏதோ தீராத வியாதி இருப்பதைக் கேட்டதுபோல, “ஆமாங்க, அப்படித்தான்,” என்றார்.

“தம்பி, மாலை போட்டுத் தாலி கட்டினதும் மாப்பிள்ளைக்கு ஒரு வாழ்த்து பாடு. எங்க சனம் கேட்டு அசந்து போகணும். அசந்துச்சுன்னா, ஒன் புஸ்தகத்த நானே அச்சுல போட்டுத் தாரேன். பேரு பெருசா இருக்கட்டும்.”

கதிர்காமநாதனுக்குக் கடைவீதி முழுக்கப் பட்டுக்குடை விரிந்தது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. வாழ்த்து எழுதினான். எழுதியதைப் படித்தான். அம்மி நகராது என்று அவனுக்கே தெரிந்தது. கிழித்தான். ‘எங்க சனம் கேட்டு அசந்து போகணும்.’ அந்தச் சனம் யாருக்கு அசந்துபோகும் என்பது அவனுக்குத் தெரியாதா?

தோட்டத்துக்குக் கல்யாணத் துணிகளைத் தவணை தவணையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. இதற்கு முன்னெல்லாம் வேலைக்காரனை அனுப்புகிறவன், இப்போது தானே வண்டி கட்டிக்கொண்டு போனான். தகப்பனாருக்குச் சந்தோஷம். மகனுக்கு வியாபாரத்தில் மனம் வந்துவிட்டது என்று ஸலீமிடம் சொன்னார்.

முதல் நாளே அவள் குரலைக் கேட்டான். தேயிலை மலையைச் சுற்றி ஏறுகிற ரோட்டில், மூன்றாவது வளைவு. மேலே சரிவில் கூடைகள் வரிசையாக அசைந்தன. வரிசையிலிருந்து தள்ளி, ஓரமாக ஒருத்தி தனியாகப் பறித்துக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. முக்காடும் கூடையும் இடுப்பில் கட்டிய சாக்கும்தான் தெரிந்தன. வண்டிக்காரன், “இராக்கம்மாதாங்க,” என்றான். மாட்டை நிறுத்தச் சொன்னான் கதிர்காமநாதன்.

‘ஏழு மல காடுகர
எங்க ராசா கைக்குள்ள
எட்டுத்தெச வாத்தியமும்
எதுத்து வந்து சேவிக்க
பொன்னால கொட பிடிச்சுப்
போறாரே மகராசா...’

அதற்கு அடுத்த அடி கேட்கவில்லை. குரல் இறங்கி, இழுபட்டு, காற்றோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. திரும்பவும் ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும், இரண்டிரண்டு வரியாக, மூன்று அடி மலை ஏறியது. நாலாவது அடி விழுந்து காணாமல் போயிற்று.

அவனுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. சிலிர்த்த மறுகணமே வயிறு எரிந்தது. பொன்னால் குடை! அந்தக் குடை அவனுடையது. பன்னிரண்டு வயதிலிருந்து அவன் மனதில் பிடித்துக்கொண்டிருக்கிற குடை. இவளுக்கு யார் கொடுத்தார்கள்? அப்புறம் தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். முடிக்கத் தெரியவில்லை பார், நாலாவது அடி கிடையாது. படிப்பில்லாத குறை அங்கேதான் தெரிகிறது.

நாலைந்து தடவை போனான். நாலைந்து தடவையும் அதே பாட்டு, அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. இறங்கிப்போய், “யாருக்குமா பாடுற?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஒரு கவிராயன், கொழுந்து பறிக்கிறவளிடம் போய்ப் பாட்டுக் கேட்பதா? வண்டிக்காரனிடம் கேட்டிருக்கலாம்; அவன் ஊரெல்லாம் சொல்லிவிடுவான். புஷ்பத்திடமாவது பாடிக் காட்டியிருக்கலாம். எழுதியதை எல்லாம் முதலில் அவளிடம் வாசித்துக் காட்டுவதுதான் வழக்கம். இதை மட்டும் காட்டவில்லை. திருடின மாம்பழத்தை யாராவது வீட்டில் காட்டித் தின்பார்களா?

பாட்டின் ராகத்தை அப்படியே வைத்துக்கொண்டான். ‘காடுகர’யைத் திருத்தி ‘காடுகரை’ ஆக்கினான். கல்யாண வீட்டில் ‘போறாரே’ என்பது நன்றாக இல்லையே என்று ‘வாராரே’ என்று மாற்றினான். அந்த இடத்திலாவது அவனுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை. மீதி இருந்தது நாலாவது அடி.

அது வந்த விதத்தைப் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் காலை, தோட்டத்து ரோட்டில் வெண்பனி கண்ணை மறைத்து நின்றது. வண்டியை ஓரம் கட்டியிருந்தார்கள். எதிரே கந்தப்பன் கங்காணி தன் குதிரையில் மலையிறங்கி வந்தார். குதிரை வரவர, பனி இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டது. அவர் கடந்துபோன பிறகும் அந்த வழி கொஞ்ச நேரம் மூடாமல் நின்றது. தென்றலையும் தாமரையையும் தேடாமல், கண்ணால் பார்த்ததை அவன் எழுதியது அன்றைக்குத்தான்.

‘போகின்ற பாதையெலாம் பனிவிலகி நிற்குமே.’

எழுதி முடித்தபோது மற்ற அடிகள் யாருடையவை என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

கல்யாணத்தன்று பெரிய கங்காணி வீட்டு வாசலில் பந்தல். தோரணம், வாழை, மேளம். புஷ்பத்துக்கு மாதம் ஏறிவிட்டதால் அவள் வரவில்லை. தாலி கட்டி முடிந்தது. கந்தப்பன் பிரம்பைத் தட்டிச் சனத்தை அமர்த்தினார். கதிர்காமநாதன் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தான்.

முதல் அடியிலேயே பந்தல் அடங்கியது. ஆஹா என்று நினைத்தான். இரண்டாவது அடியில் ஓர் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. கண்ணைத் திறந்தான். பின்வரிசையில் மூன்று கிழவிகள், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டமாகக் குனிந்திருந்தார்கள். ஒருத்தியின் கை மாரில் அடிக்க எழுந்து பாதியில் நின்றது. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பாடி முடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில் குரலை இன்னும் உயர்த்தினான். நாலாவது அடியில் பனி விலகி நின்றது.

“அய்யய்யோ! நிறுத்துடா பாவி!”

மாப்பிள்ளையின் தாய் தனலெட்சுமி பந்தல் நடுவில் நின்றாள். “எம்புள்ள கழுத்துல மால வாடல. அதுக்குள்ள ஒப்பாரியா வைக்கிற? போன வருசம் மரம் விழுந்து செத்தானே இராக்கம்மா புருசன், அவன் பொணத்து மேல விழுந்து அவ பாடுன பாட்டுடா இது! நானே கூட உக்காந்து அழுதேனே!”

பந்தல் கலைந்தது. யாரோ தேங்காயைச் சுற்றி உடைத்தார்கள். யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மறுபடி ஆரத்தி எடுத்தார்கள். கதிர்காமநாதன் அப்படியே நின்றான். ஒரு விதவை தனியாக நின்று ஒரு வருஷமாக ஆற்றாமல் பாடிக்கொண்டிருந்ததை, ரோட்டில் வண்டியை நிறுத்தி நாலைந்து நாள் கேட்டிருக்கிறான். கேட்டதில் அழுகை மட்டும் அவன் காதில் விழவில்லை.

அப்போதுதான் இராக்கம்மாவைப் பார்த்தான். தாலியறுத்தவள் என்பதால் சமையல் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள், சாம்பல் கையோடு பந்தலின் கடைசிக் கால்வரை வந்து, அதற்கு மேல் வராமல் நின்றாள். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சாபம் போடுகிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

கந்தப்பன் கத்தவில்லை. பக்கத்தில் வந்து, “சாப்பிட்டுட்டுப் போ தம்பி,” என்றார். அச்சைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஸலீம் மெஷினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். “தம்பி, எனக்கு வயசு அம்பது. நான் மௌத்தாகிறதுக்கு முன்னால என் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துராத, என்ன?” பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலும், ஒரு தேத்தண்ணியை வரவழைத்து அவன் பக்கம் தள்ளி வைத்தார்.

ஊர் அவனுக்கு ஒரு பெயர் வைத்தது. பாட்டுக்காகப் பெயர் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவனுக்கு ‘ஒப்பாரிக் கவிராயர்’ என்ற பெயர் கிடைத்தது. பழுப்புத் தாள் எல்லாம் புஷ்பத்தின் அடுப்புக்குப் போயிற்று. மகள் பிறந்தாள். புஷ்பம் அவளைத் தொட்டிலில் போட்டு, சற்று யோசித்து, கணவன் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் இராக்கம்மாவின் தாலாட்டைப் பாடினாள். அவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். வெட்கம் தீர்ந்தாலும் அந்த எரிச்சல் தீரவில்லை. இராக்கம்மாவுக்கு என்ன குறை? அவள் எதையும் அச்சில் போட வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் போதும், என் வீட்டுத் தொட்டில்வரைக்கும் வந்துவிடுகிறது.

இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு கந்தப்பன் கங்காணி இறந்துபோனார். கோடித்துணி கடையிலிருந்துதான் போக வேண்டும். தம்பையாவுக்கு முழங்கால் வீக்கம். “நீதான் போகணும். சாவுக்குப் போறதுக்கென்ன, அங்க எதப் பாடினாலும் தப்பில்ல,” என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்பது அவர் முகத்தில் தெரியவில்லை. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் புஷ்பமும் வண்டியில் ஏறினாள்.

கோடியைக் கொடுத்துவிட்டு ஆண்களோடு வாசலில் நின்றான். உள்ளே பெண்கள் வட்டம் கட்டியிருந்தார்கள். நடுவில் இராக்கம்மா குரல். அதே ராகம். இந்தத் தடவை மிக அருகில். ஏழு மலை காடுகரை. எட்டுத் திசை வாத்தியம். பொன்னால் குடை பிடித்துப் போகிற மகராசா. நாலாவது அடி வந்தது.

‘போன பாதையில
பனி வெலகி நிக்குதய்யா...’

உள்ளே கங்காணி மனைவி தனலெட்சுமி, அதுவரைக்கும் கல்லாக உட்கார்ந்திருந்தவள், அந்த அடியில் உடைந்து விழுந்தாள். “வெலகித்தானே நிக்குது! குதிரையில வருவாரே! வெலகித்தானே நிக்குது!” வெளியே ஆண்கள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

கதிர்காமநாதன் ஆண்களை விலக்கிக்கொண்டு கதவருகே போனான். என் அடி. என் கண்ணால் பார்த்தது. இந்த மனிதர் குதிரையில் வந்ததைப் பார்த்து எழுதியது. ‘போகின்ற’ என்பதை ‘போன’ என்று ஆக்கிவிட்டாள். ‘நிற்குமே’ என்பதை ‘நிக்குதய்யா’ ஆக்கிவிட்டாள். ஆக்கியது நன்றாகவும் இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

பிணம் எடுத்தபிறகு, ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே தண்ணீர் விழுகிற பீலியில் பெண்கள் தலை முழுகினார்கள். கடைசியாகத் தலையைத் துவட்டிக்கொண்டு ஏறி வந்த இராக்கம்மாவை வழியில் மறித்தான்.

“இராக்கம்மா, அந்தப் பனி அடி...”

“ஆமாங்க சின்ன மொதலாளி. ஒங்களுதுதான்.” அவள் குரல் அழுது கரகரத்திருந்தது. “அன்னைக்குப் பந்தக்கால்ல நின்னு கேட்டேன். மறந்திரக் கூடாதுன்னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். நல்லா இருந்துச்சு, வச்சுக்கிட்டேன்.”

“என்னக் கேக்காமயா?”

இராக்கம்மா கூந்தலை உதறி முடிந்தாள். “நீங்க கேட்டீங்களா?”

அவளே மேலும் சொன்னாள்: “அந்த எடத்துல நான் ‘என்ன விட்டுப் போனீங்களே’ன்னுதான் அழுதுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் அழறதுதானே அது. ஒங்களுது பொருந்திக்கிருச்சு. இப்பல்லாம் எங்க மலையில எந்த சாவுக்கும் அத விட மாட்டாளுக. பூனாகலைத் தோட்டத்துக்குக்கூடப் போயிருச்சுங்க.”

“யாரு பாட்டுன்னு சொல்லுறாங்க?”

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. இராக்கம்மா துவட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். “பொணத்துக்கு முன்னால நின்னு அதயெல்லாம் யாருங்க கேக்குறா?” என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் ஏறிப் போனாள்.

திரும்பும்போது மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. மழை இல்லை, மலையெல்லாம் பனி. புஷ்பம் வண்டியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, அந்த ‘பனி வெலகி நிக்குது’ன்னு ஒரு எடம் பாடுனாளே, கேட்டீங்களா? எனக்கு நெஞ்ச அடச்சிருச்சு. எழுத்துத் தெரியாதவளுக்கு அதெல்லாம் எங்கேருந்துதான் வருதோ!”

“அது என்னோட அடி, புஷ்பம்.”

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். ஈரக் கண்ணிலேயே ஒரு சிரிப்பு வந்தது. கோபமில்லாத சிரிப்பு. குழந்தை பொய் சொல்லும்போது சிரிப்பாளே, அது. “போதும்ங்க. அவ பாட்டு மேல இன்னுமா ஒங்களுக்குக் கண்ணு? செத்த வீட்டுலயுமா?”

“சத்தியமாச் சொல்றேன். என்னோடதுதான். குதிரையில அவரு வந்தப்போ...”

“சரி, சரி. ஒங்களோடதுதான்.” கம்பளியை இழுத்து அவன் முழங்காலிலும் போர்த்திவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும், தன்னை மறந்து, வாய்க்குள்ளேயே அந்த அடியைப் பாட ஆரம்பித்தாள். சாவு வீட்டுப் பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நினைவு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

மூன்றாவது வளைவில் பனி ரோட்டை மூடிக்கொண்டு நின்றது. வண்டி கிட்டத்தில் போயும் அது விலகவில்லை. வண்டிக்காரன் முனகிக்கொண்டே இறங்கி, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, காலால் வழியைத் தடவித் தடவி நடந்தான்.